மேரி அக்கா வயலின் மடை

பயந்து சொன்ன பதிலும் யோசித்துச் சொன்ன பதிலும் ஒரே பதிலாக இருந்துவிட்டால், எதை வைத்துச் சொன்னோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியோடுதான் விடுப்பில் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். பணி ஓய்வு பெறுகிறவர்கள் செய்யவேண்டிய காரியம் இது. எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. மூத்தவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். இரண்டாவது குழந்தை தை மாதம் பிறக்கவிருக்கிறது. திரும்பி வருவேனா, வந்தாலும் வயலுக்குப் போகிற வேலைக்கு வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு, நான் சொல்லி நீங்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதாமலே இருந்தேன்.

கணினி மாதிரியை எப்படி ஓட்டுவது என்பதற்குக் கையேடு இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. மண்ணை மேலிருந்து கீழாக ஒரு தூண் போல நினைத்துக்கொண்டு, அதில் தண்ணீர் எப்படி இறங்குகிறது, உப்பை எப்படித் தன்னோடு இழுத்துப் போகிறது, வெயில் அடித்தால் அந்த உப்பு எப்படித் திரும்ப மேலே ஏறுகிறது என்று கணக்கிடுகிறோம். அவ்வளவுதான் நம் வேலை. கணக்கு முடிந்த இடத்தில், வரப்பில் நின்றுகொண்டு ஒருவர் “இப்ப நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்பார். கையேட்டில் இல்லாத பகுதி அங்கே ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். அது தெரிந்தால்தான் பின்னால் சொல்வது புரியும்.

நான் சேர்ந்த புதிதில், வேதாரண்யத்துக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் இருக்கும் ஒரு கிராமத்து வயலுக்குக் கணக்கு ஓட்டினேன். புயலின்போது கடல் தண்ணீர் ஏறிய வயல் அது. ஆற்றுத் தண்ணீரைக் கட்டிவைத்தால் உப்பு மளமளவென்று இறங்கிப் போய்விடும் என்று விடை வந்தது. தஞ்சாவூர் அலுவலகத்தில் அப்போது எங்கள் குழுவுக்குத் தலைவராக ஒரு அம்மையார் இருந்தார். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் மேடம்தான். படத்தை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு ஓடினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இந்தத் தண்ணி எங்கம்மா போவுது?”

“கீழ போவுது மேடம்.”

“கீழன்னா எங்க?”

அதை நான் மாதிரிக்குச் சொல்லவே இல்லை. தூணின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால், தண்ணீர் தடையில்லாமல் கீழே வடிந்துவிடும் என்று மாதிரி தானாகவே வைத்துக்கொள்ளும். மேட்டு நிலத்துக்கு அது சரி. கடற்கரையை ஒட்டிய வயலில் முழங்கால் ஆழம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறுகிறது. போகிற தண்ணீருக்குக் கீழே இடம் ஏது? திருத்தி ஓட்டினேன். முதலில் வந்த நல்ல செய்தியில் பெரும்பகுதி காணாமல் போனது.

மேடம் திட்டவில்லை. “இங்க எல்லாரும் ஒருதடவ இதுல விழுந்து எந்திரிச்சவங்கதான். நான் விழுந்தப்ப பெரிய மீட்டிங்ல விழுந்தேன். நீ என் டேபிள்லதான் விழுந்திருக்க. போய் டீ குடி” என்றார். அவருக்கு நான் எத்தனையோ விஷயங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். முதல் நன்றி அந்த “எங்க போவுது”க்கு. நீங்களும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டாலும் ஒரு பக்கம் விட்டுப்போகும். எனக்கு விட்டுப்போனது.

அந்த வயல் ஆரோக்கியமேரி அக்காவுடையது. ஊரில் மேரி. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், விவசாயம் முழுக்க அக்கா கையில். கடல் ஏறிய பிறகு வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு, நாம் மண்ணில் குழாய் இறக்கி அளப்பதற்கு முதலில் இடம் கொடுத்தவர் அவர்தான். “சும்மா கிடக்கிற நெலம், அதுக்கு ஊசி போடுறதுன்னா போட்டுக்கங்க” என்பார்.

அடுத்த சம்பாவில் நட்டே தீருவது என்று முடிவு செய்தார். தன் ஊரில் நல்ல தண்ணீர் இல்லாததால், மன்னார்குடிப் பக்கம் அண்ணன் வயலில் நாற்று விட்டிருந்தார். ஆற்றில் முறை வைத்து விடும் முறைத் தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் வயலில் கட்டுவது, சேறாக்கி உப்பைக் கரையவிடுவது, கரைந்த தண்ணீரை வடிகாலில் வடித்துவிடுவது, மறுபடி நல்ல தண்ணீர் கட்டி நடுவது. இதுதான் திட்டம். அடிப்பக்கத்தைச் சரியாகக் கொடுத்து ஓட்டிய மாதிரியும் இப்படிச் செய்தால் பயிர் பிழைக்கும் என்றது. ரொம்பச் செழிக்கும் என்று சொல்லவில்லை. பிழைக்கும் என்றது. நான் அக்காவிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

“பொழைச்சாப் போதும் தங்கச்சி. செழிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்.”

தண்ணீரை வடிக்கவேண்டிய நாளில் அளவெடுக்கப் போனேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். குழந்தையை வெயிலில் தூக்கிக்கொண்டு போவது தப்பு என்று தோன்றியது, போகாமல் இருப்பதும் தப்பு என்று தோன்றியது. கடைசியில் பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் மடிக்கணினியும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை திரும்பிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறக்க இருந்தது. மழையைக் காணோம். ஜீப்பிலிருந்து இறங்கியதும் மேரி அக்கா என் பையைப் பார்த்துச் சிரித்தார். “மெஷினு தூங்குதா, புள்ள தூங்குதா?” என்று கேட்டு, கேட்டபடியே மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வேற்றாளிடம் போகவே போகாதவள், அவர் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு சமாதானமாகிவிட்டாள்.

வயலில் தண்ணீர் நின்றது. மீட்டரைத் தோய்த்தேன். உப்பு நன்றாகக் கரைந்திருந்தது. மாதிரி சொன்னதற்கு மிகப் பக்கத்தில் இருந்தது அளவு. அந்த ஒரு நிமிடம் நான் அடைந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அதற்குள் அக்கா வடிகால் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

வடிகால் நிரம்பி, வயலைவிட உயரமாக நின்றது. ஒரு சொட்டும் அதில் இறங்காது. வாடைக் காலத்தில் கடல் மட்டமே சற்று உயர்ந்திருக்கும். அதோடு, கடல் பொங்கி ஏறுகிற அமாவாசை வேறு நெருங்கியிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்க, வடிகால் முடிகிற இடத்தில் ஷட்டரை இறக்கி வைத்திருந்தார்கள். ஷட்டர் பார்க்கிறவரைப் போனில் பிடித்தோம். அமாவாசை கழியும்வரை தூக்க முடியாது, தூக்கினால் போகிற தண்ணீரைவிட வருகிற தண்ணீர்தான் அதிகம் என்றார். அவர் சொன்னது சரி. என் மாதிரியில் வடிகால் எந்நேரமும் திறந்தே இருந்தது.

“அப்ப இந்தப் பக்கம் தொறந்துட வேண்டியதுதான்” என்றார் அக்கா.

இந்தப் பக்கம் என்றால் ஜமால் பாயின் வயல். அக்கா வயலைவிட ஒரு சாண் தாழ்வு. இடையில் ஒரு வரப்பு, வரப்பில் ஒரு மடை. புயலில் வடிகால் வழியாக அக்கா வயலில் ஏறிய கடல் தண்ணீர் இந்த வரப்பைத் தாண்டவில்லை. ஜமால் பாய்க்கு ஊரில் மளிகைக் கடை. தம்பிகள் இருவரும் சவுதியில், நிலத்தைப் பார்ப்பது அவர்தான். அந்த வயலுக்கென்று தனி வாய்க்கால் கிடையாது. எந்தக் காலத்திலும் அக்கா வயலில் பாய்ந்த தண்ணீர்தான் மடை வழியாகக் கீழே போகும். டெல்டாவில் பாதி வயல்கள் இப்படித்தான், வயலுக்கு வயல். மேலே இருப்பவர் மடையைத் திறக்க யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. மூடி வைத்தால்தான் சண்டை வரும். அந்த வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். தூணைக் கீழே பார்த்துச் சரி செய்தவள், பக்கவாட்டில் பார்க்கவில்லை.

ஜமால் பாய் அந்த வருடம் நேரடியாக விதைத்திருந்தார். பயிர் ஒரு விரல் நீளம் தாண்டி, பச்சையாக, கொஞ்சம் வாட்டமாக நின்றது. அதற்குத் தண்ணீர் வேண்டும். அதைக் கேட்கத்தான் அவர் மொபெட்டில் வந்து இறங்கினார்.

“என்ன மேரி, முறைத் தண்ணி வந்து எத்தன நாளாச்சு, இன்னும் எனக்கு ஒரு சொட்டு எறங்கல. கட்டி வச்சு மீனு வளக்கிறியா?”

“வளத்தா கருவாடாத்தான் வரும் பாய். அவ்வளவு உப்பு.”

“உப்பு உன் வயல்ல இருந்து என் வயலுக்கு வந்தா உனக்குத்தானே நல்லது? தொற தொற.”

“தொறக்கத்தான் போனேன். இந்தத் தங்கச்சி மூஞ்சியப் பாத்தா பயமாருக்கு. நீங்களே கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நிலைமையைக் கவனியுங்கள். மேலே இருப்பவர் திறக்க விரும்புகிறார், வடித்தால்தான் அவர் நடமுடியும், நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பவரும் திறக்கச் சொல்கிறார், பயிர் வாடுகிறது. திறக்காதே என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை, என்னைத் தவிர. நான் அந்த ஊர்க்காரியும் இல்லை.

“கொஞ்சம் டைம் கொடுங்க பாய்” என்று ஜீப்புக்குள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.

ஜமால் பாய் வயலுக்கு இன்னொரு தூண் வைத்தேன். மேரி அக்கா வயலில் அளந்த உப்பை அதன் தலையில் ஊற்றினேன். அந்த வயலில் நாங்கள் எதையும் அளந்ததில்லை, அதனால் மண்ணை அக்கா வயல் போலவே வைத்துக்கொண்டேன். வரப்பு ஒன்றுதானே என்று நினைத்தேன். சரியா என்று யோசிக்க நேரமில்லை. வெளியே என் மகள் சிணுங்குவது கேட்டது. பசியா, வெயிலா, இறங்கிப் போய் வாங்கவேண்டுமா என்று ஒரு காது அங்கேயே இருந்தது.

கணக்கு வந்தது. திறந்து, சில நாட்களில் நல்ல மழை பெய்தால், உப்பு கரைந்து பாய் வயலில் பெரிய சேதமில்லை. திறந்து, மழை தள்ளிப்போனால், அந்த இளம் பயிரின் வேரில் உப்பு தங்கிவிடும், பயிர் போய்விடும். திறக்காமல், மழையும் வராமல் போனால், பாய் பயிர் வாடும், ஆனால் அந்தக் களிமண்ணில் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வாடிய பயிர் மழைக்குத் திரும்பும். உப்பில் கருகிய இளம் பயிர் திரும்பாது.

மேரி அக்காவின் நாற்று இந்தக் கணக்கில் எங்கேயுமே இல்லை. நாற்றுக்கு வயதாவதை நம் மாதிரி கணக்கிடுவதில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார். “மழை பத்தி என்ன சொல்றாங்க?” என்றார். வரலாம், தள்ளியும் போகலாம் என்று சொல்கிறார்கள் என்றேன். “நீ அங்க நிக்கிற. நான் இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கேன். நீ பாக்குறத நான் பாக்க முடியாது. நீ சொல்லு. எது சொன்னாலும் நாளைக்கு நானும் உன்கூட அந்த வரப்புல வந்து நிக்கிறேன்” என்றார்.

முடிவை என்னிடமே விட்டுவிட்டாரே என்று அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால், ஒருவர் நமக்குத் தரக்கூடியதில் அது பெரிய விஷயம். பதிலை அவர் சொல்லியிருந்தால் அது அவருடைய பதிலாகியிருக்கும். நான் ஒளிந்துகொண்டிருப்பேன்.

இறங்கி வந்தேன். அக்கா அப்படியே நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் என் மகள், மறு கையில் மண்வெட்டி. மகள் மண்வெட்டிக் கம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு தங்கச்சி. தொறக்கவா, வேணாமா?”

“மழை வருமா மேடம்?” என்று குறுக்கே என்னிடம் கேட்டார் பாய்.

“தெரியாது பாய்.”

“அப்ப அந்தக் கம்ப்யூட்டரு எதுக்கு?”

“மழை வந்தா என்ன ஆவும், வராட்டி என்ன ஆவும்னு ரெண்டும் சொல்லும் பாய். எது நடக்கும்னு சொல்லாது.”

“நல்ல கம்ப்யூட்டரு. என் சம்சாரமும் இப்படித்தான், ரெண்டையும் சொல்லிவச்சிடுவா. எது நடந்தாலும் நான் அப்பவே சொன்னேன்ல அம்பா.”

அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வேணாம்” என்றேன். “தொறக்க வேணாங்கா. அமாவாசை தாண்டி ஷட்டர் தூக்கட்டும், வடிகால்லயே விடுவோம். இந்தத் தண்ணி இப்ப பாய் பயிருக்குப் போயி, மழையும் வராட்டி, பயிர் திரும்பாது.”

“தண்ணி இல்லாம மட்டும் திரும்புமா?” என்றார் பாய். இப்போது கேலி இல்லை.

“திரும்பும் பாய். கொஞ்ச நாள் தாங்கும்.”

“கொஞ்ச நாள்னா?”

நான் ஒரு அளவு சொன்னேன். அதில் முன்னே பின்னே ஆகும் என்றும் சொன்னேன். அவர் மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்தினார். “என் நாத்து முத்திடுமே தங்கச்சி” என்றார். குரலில் சண்டை இல்லை. எனக்கு அது தெரியவில்லையோ என்று ஞாபகப்படுத்துவது போல இருந்தது.

“தெரியுதுங்கா.”

“தெரிஞ்சுதான் சொல்றியா?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

“சரி” என்றார். அவ்வளவுதான். குழந்தையைக் கொடுக்கும்போது, “வெயில்ல முகம் செவந்துபோச்சு பாரு, வீட்டுக்குப் போயி எளநி குடு” என்றார்.

தஞ்சாவூர் திரும்பும் வழியெல்லாம் மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அவள் நன்றாகத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை. அன்றிலிருந்து மழை வரும்வரை வானிலைச் செய்தியை எத்தனை முறை பார்த்தேன் என்று என் கணவரைக் கேட்டால் சொல்வார். ஜமால் பாய் நினைத்திருந்தால் அந்த மடையைத் தானே வெட்டிவிட்டிருக்கலாம். அவருக்கு அதற்கு உரிமை இருக்கிறது என்றுதான் ஊரும் சொல்லியிருக்கும். அவர் வெட்டவில்லை. அக்காவும் தொடவில்லை. இரண்டு பேரும் தங்கள் நஷ்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, எங்கிருந்தோ ஜீப்பில் வந்த ஒருத்தியின் சொல்லை நம்பிக் காத்திருந்தார்கள். அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் கனம் மட்டும் தெரிகிறது.

மழை வந்தது. நான் பயந்த அளவுக்குத் தள்ளிப்போகவில்லை. சில நாட்களிலேயே கொட்டியது. பாய் பயிர் நிமிர்ந்துகொண்டது. அமாவாசை கழிந்து ஷட்டரைத் தூக்கினார்கள், அக்கா வயல் வடிந்தது. எல்லாம் சொன்னபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. அண்ணன் ஊரிலிருந்து வந்திறங்கிய நாற்றில் பாதிக்கு மேல் கணு விட்டிருந்தது. நட்டால் பக்கத்தில் கிளை வெடித்துத் தூர் கட்டாது. ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிப் போட்டார்கள். நட்டது வயலில் ஒரு மூலைக்குத்தான் வந்தது.

அன்று நானும் போயிருந்தேன். போகாமல் இருக்க மனம் வரவில்லை. அக்கா ஒதுக்கிப்போட்ட நாற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “இரு தங்கச்சி, பாய் வர்றாரு” என்றார்.

ஜமால் பாய் வரப்பு மேல் நடந்து வந்து, கட்டுகளைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“என்ன மேரி, மாட்டுக்குப் போடவா?”

“வேற எதுக்கு?”

“இங்க பாரு. நான் கையால வெதச்சவன், எனக்கு நெதானம் பத்தாது. வடமேற்கு மூலையில கோரப்பாய் மாதிரி நெருக்கமா மொளச்சுக் கெடக்கு. எப்படியும் கலைச்சுப் புடுங்கணும். உன் ஆளுங்கள வரப்புக்கு இந்தப் பக்கம் எறக்கு. புடுங்கி உன் வயல்ல நட்டுக்க.”

“சும்மாவா பாய்?” என்றார் அக்கா.

“சும்மா இல்ல. அடுத்த வருசம் முறைத் தண்ணி வந்தா எனக்கு மொத ஆளாத் தொறந்து விடணும். நல்ல தண்ணியா.” என் பக்கம் திரும்பினார். “என்ன மேடம், இதையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணுமா?”

“வேணாம் பாய்” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வியர்வை மாதிரி.

நடவு ஆட்கள் சிரித்துக்கொண்டே மடைக்குப் பக்கத்தில் வரப்பைத் தாண்டிக் கீழே இறங்கினார்கள். அன்று அந்த மடை திறந்திருந்து, மழையும் வராமல் போயிருந்தால் எந்தப் பயிர் கருகியிருக்குமோ, அதே பயிரைப் பிடுங்கி மேலே கொண்டுவந்து மேரி அக்கா வயலில் நட்டார்கள். வயல் முழுக்க அது வரவில்லை. வடிகாலை ஒட்டி ஒரு பட்டை வெறுமையாகவே கிடந்தது. நட்டதிலும் அங்கங்கே உப்பு காட்டிக்கொடுத்தது, நுனி வெளுத்தது. ஆனாலும் அந்த வருடம் அந்த வயலில் அறுவடை நடந்தது. நல்ல வருடத்தில் வருகிறதில் பாதி இருக்கும். அக்கா அதை ஒருநாளும் குறையாகச் சொல்லவில்லை. “தரிசா கெடந்ததுல நெல்லு வந்துச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இங்கேயே முடித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் உங்களிடம் மிச்சத்தையும் சொல்லவேண்டும்.

அறுவடைக்குப் பிறகு, உண்மையில் பெய்த மழையை மாதிரியில் போட்டு, அன்று மடையைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டிப் பார்த்தேன். ஜமால் பாய் பயிர் பிழைத்திருக்கும் என்று வந்தது. மேரி அக்காவும் நாற்று முற்றுவதற்கு முன்பே நட்டிருப்பார். இருவருக்கும் முழு விளைச்சல் கிடைத்திருக்கலாம். கணினியில் இரண்டு விதமாகவும் ஓட்டலாம். வயலில் ஒரே முறைதான் ஓட முடிகிறது.

படத்தை மேடத்திடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “மழை பெய்ஞ்ச பிறகு போடுற கணக்கு இது. அன்னிக்கு உன் கையில இந்த மழை இருந்துச்சா?” என்றார்.

“இல்ல மேடம்.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் இதுதான். அன்று ஜீப்பிலிருந்து இறங்கும்போது என் மனதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, திரும்பாத சேதத்தைத் தவிர்க்கவேண்டும் என்ற நியாயம். அதை நான் இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்றை வெளியே சொன்னதில்லை. மடையைத் திறந்து பயிர் கருகினால், அது நான் சொல்லி நடந்தது என்று ஊர் பேசும். மூடிவைத்து நாற்று முற்றினால், காலம் சரியில்லை என்று பேசும். செய்யாமல் விட்டதற்கு யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். அது எனக்கு அன்றே தெரிந்திருந்தது. மண்ணில் நின்ற பாய் பயிரைப் பெரிதாகவும், எங்கோ அண்ணன் வயலில் இருந்த அக்காவின் நாற்றைச் சிறிதாகவும் நான் பார்த்ததற்கு எது காரணம்? நியாயமா, பயமா? இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதால் என்னால் பிரிக்கவே முடியவில்லை.

வீட்டிலும் இப்படித்தான். குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டால் மருந்து கொடுக்கலாமா, ஒரு ராத்திரி பொறுக்கலாமா என்று நிற்கிறேன். பொறுத்தது சரியாகப் போனாலும், நான் தைரியமாகப் பொறுத்தேனா, கொடுக்கப் பயந்து பொறுத்தேனா என்று தெரிவதில்லை. என் கணவர், “சரியாப் போச்சுல்ல, விடேன்” என்கிறார். விடமுடிந்தவர்கள் பாக்கியசாலிகள்.

சில விஷயங்களை மாற்றியிருக்கிறோம். இப்போது நம் மாதிரியில் வயல்கள் ஒன்றோடொன்று மடை வழியாகச் சேர்ந்திருக்கின்றன. வடிகால் எப்போது மூடும் என்று ஷட்டர் பார்ப்பவரிடம் கேட்டுப் போடுகிறோம். நாற்றின் வயதையும் சேர்த்திருக்கிறோம், அது மேரி அக்காவுக்காக நான் சேர்த்தது. ஒரு வயலுக்கு யோசனை சொல்லும் முன்பு, அதன் தண்ணீர் யார் வயலுக்குப் போகும் என்று பார்த்து, அவரையும் உட்காரவைத்துப் பேசவேண்டும் என்பது இப்போது நம் வழக்கம். ஜமால் பாய் இப்போதெல்லாம் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, “இன்னிக்கு ரெண்டையும் சொல்லுவீங்களா, ஒன்னத்தான் சொல்லுவீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன். இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுவதா? அப்படிச் செய்தால் மேடம் என்னிடம் செய்தது போல மரியாதை கொடுக்கிறோமா, அல்லது கை கழுவுகிறோமா? ஒன்றை மட்டும் சொல்வதென்றால், அதில் நம் பயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எதை வைத்து அளப்பது? உங்களில் சிலர் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், சிலர் என்னைவிடத் தைரியசாலிகள். யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். சரியாக யோசித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

போன வாரம் மேரி அக்கா போன் செய்தார். அண்ணன் ஊரில் நாற்று விட்டாயிற்றாம். இந்த வருடமும் அமாவாசையை ஒட்டித்தான் வடிக்கவேண்டி வரும் போலிருக்கிறது. நான் வரமாட்டேன், வேறு பிள்ளைகள் வருவார்கள் என்றேன். “வரட்டும். அவங்ககிட்டயும் தொறக்கவா வேணாமான்னுதான் கேப்பேன்” என்றார்.

கேட்பார். மண்வெட்டியோடு நின்று கேட்பார். நீங்கள் சொன்னதும் “சரி” என்பார். அந்தச் சரிக்கு முன்னால் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் அந்த வரப்புக்குப் போகும் முன்பே எனக்கும் சொல்லுங்கள்.